பெட்டை நாய் எதிர்பாராமல் இணைசேர்ந்துவிட்டால்: முதல் நிமிடத்திலிருந்து செய்ய வேண்டியவை

இதைப் படிக்கும்போது நீங்கள் பதற்றத்தில் இருக்கலாம். அதனால் முதலில் ஒரு விஷயம்: இன்றிரவே ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில்லை. நாயின் கரு கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். முதல் ஒரு மணி நேரத்தில் சினை பிடிப்பதைத் தடுக்க உங்களால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் நாயைக் காயப்படுத்த முடியும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

என் பெட்டை முதல்முறை இப்படி மாட்டியபோது நான் வாளித் தண்ணீரோடு ஓடினேன். கத்தினேன், இழுத்தேன். செய்ய வேண்டிய ஒரே காரியத்தை, அதாவது தேதியைக் குறித்து வைப்பதை, மறந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்து டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “என்னைக்கு?” என்பதுதான். அதற்குப் பிறகு வேறு பலரோடும் இதே வழியில் நடந்திருக்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி வந்தது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. அதில் மூன்று தகவல்: ஹீட், அதாவது பெட்டை இணைசேரும் பருவம், தொடங்கிய நாள் (முதல் ரத்தத் துளியைப் பார்த்த நாள்), நாயின் இப்போதைய எடை, கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதிகள். பின்னால் சினையைக் கலைக்க ஊசி போட வேண்டி வந்தால் அதன் அளவு எடையைப் பொறுத்தது. ஹீட் தேதி தெரிந்தால்தான் இணைசேர்ந்த நாள் ஆபத்தான நாளா என்று டாக்டரால் கணிக்க முடியும்.

கூடவே நல்ல பிடிமானமுள்ள கழுத்துப்பட்டை, கயிறு, பழைய துண்டு. இரவிலும் போன் எடுக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையின் எண்ணும் வேண்டும். தேவைப்படும் நாளில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

## 2. ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பிரிக்காதீர்கள்

இணைசேரும்போது ஆண் நாயின் உறுப்பின் அடிப்பகுதி உருண்டையாக வீங்கிவிடும். பெட்டையின் தசை அதைச் சுற்றி இறுகிக்கொள்ளும். இரண்டும் பின்பக்கம் பின்பக்கமாகத் திரும்பி நிற்கும். ஐந்து நிமிடத்திலும் பிரியலாம், அரை மணி நேரமும் ஆகலாம். சில சமயம் ஒரு மணி நேரத்தைத் தொடும்.

இழுத்துப் பிரித்தால் பெட்டைக்கு உள்ளே கிழியும், ஆணுக்கு உறுப்பில் காயம் படும். அடிப்பது, வெந்நீர் ஊற்றுவது, கம்பு விட்டு நெம்புவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நாய்கள் மிரண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அதுவும் அதே காயத்தில்தான் முடியும்.

“சீக்கிரம் பிரித்தால் சினை பிடிக்காதே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிடிக்கும். விந்தணு நிறைந்த பகுதி ஒட்டிக்கொள்வதற்கு முன்போ அதன் தொடக்கத்திலோ வந்துவிடுகிறது. அப்புறம் நெடுநேரம் வருவது பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியின் திரவம். நீங்கள் பார்த்த நேரத்தில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் நாயின் தலைப்பக்கம் நின்று பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது உட்காரவோ புரளவோ விடாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள். வெயில் என்றால் நிழல் கொடுங்கள். ஆண் நாய் பழக்கமில்லாதது என்றால் அதைத் தொட வேண்டாம், வலியிலும் பயத்திலும் கடிக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் மற்ற நாய்களையும் விலக்கி வைப்பதே பெரிய உதவி.

## 3. பிரிந்த பிறகு அரை மணி நேரம்

பெட்டையை உடனே உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடுங்கள். வெளியே இன்னொரு ஆண் நாய் காத்துக்கொண்டிருக்கும். ஒரே ஹீட்டில் பல ஆண்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம், இது அரிதான விஷயமும் அல்ல.

பிறகு உடலைப் பாருங்கள். ஹீட்டில் இருக்கும் நாய்க்குக் கொஞ்சம் ரத்தக்கசிவு இருப்பது இயல்பு. செக்கச்செவேலென்று தொடர்ந்து சொட்டினாலோ, நாய் முதுகை வளைத்து முனகினாலோ, பின்புறம் ஏதாவது பிதுங்கித் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மிகச் சிறிய பெட்டை, மிகப் பெரிய ஆண் என்றால் சந்தேகம் இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

கழுத்திலும் தோளிலும் முடியை விலக்கிக் கடிக்காயம் தேடுங்கள். இருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். கலாட்டாவில் உங்களை ஏதாவது நாய் கடித்திருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நாயின் சினை விவகாரம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஆண் நாயும் உங்களுடையது என்றால் அதன் உறுப்பு உள்ளே போய்விட்டதா என்று பாருங்கள். பிரிந்து அரை மணி நேரத்துக்கு மேலாகியும் வெளியே நீட்டிக்கொண்டு, வீங்கி, காய்ந்துபோனால் அது அவசர நிலை. சுத்தமான தண்ணீராலோ வழவழப்பான ஜெல்லாலோ ஈரமாக வைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உள்ளே தண்ணீர் பீச்சிக் கழுவும் வேலை வேண்டாம். விந்தணு சில நிமிடங்களில் கருப்பையைத் தாண்டிப் போய்விடும். கழுவுவதால் கிருமியைத்தான் உள்ளே தள்ளுவீர்கள்.

## 4. தேதியை எழுதி, இரண்டு விதமாக எண்ணுங்கள்

இனி வருகிற எல்லா முடிவும் இந்தத் தேதியில்தான் தொங்குகிறது. இணைசேர்ந்த நாளை 0 என்று எழுதுங்கள். மறுநாள் 1.

ஒரே முறை பார்த்தீர்கள் என்றால் ஒரே தேதி. ஆனால் பெரும்பாலும் அப்படி இருக்காது. “நேற்றும் கொஞ்ச நேரம் காணோம்” என்று யோசித்துப் பார்த்தால் வரும். அப்போது முதல் சந்தேக நாள், கடைசி சந்தேக நாள் இரண்டையும் எழுதுங்கள்.

சினையைக் கலைக்கும் மருந்துக்கான (9-ஆம் பகுதி) கடைசிக் கெடுவை முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். ஸ்கேன் எடுக்கும் நாளைக் கடைசி நாளிலிருந்து எண்ணுங்கள். மாற்றி எண்ணினால் கெடு தாண்டிய பிறகு போவீர்கள், அல்லது கரு தெரியாத நாளில் ஸ்கேன் எடுத்துவிட்டு “இல்லை” என்று நிம்மதியாகத் திரும்புவீர்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இணைசேர்ந்த தேதியும் கரு உருவான தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். நாயின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். முட்டை வெளிவந்த பிறகு அது முதிர்ச்சி அடையவே இரண்டு மூன்று நாள் ஆகும். முதிர்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் காத்திருக்கும். முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் குட்டி போட ஏறக்குறைய 63 நாள். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எங்கே வேண்டுமானாலும் விழும்.

## 5. ஹீட் முடியும்வரை அடைத்து வையுங்கள்

“அதான் நடந்துடுச்சே, இனி என்ன” என்று விட்டுவிடுகிறார்கள். இப்படி விட்டால் எண்ணிக்கை குழம்பும், நோய் ஆபத்து கூடும், இன்று சினை பிடிக்காமல் தப்பியிருந்தாலும் நாளைக்குப் பிடித்துவிடும்.

ஹீட் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சராசரியாக ஒன்பது நாள் ரத்தக்கசிவு, பிறப்புறுப்பு வீக்கம். ஆண்கள் சுற்றி வரும், பெட்டை விடாது. அடுத்து சராசரியாக இன்னொரு ஒன்பது நாள் கசிவு வெளிறி வைக்கோல் நிறமாகும், வீக்கம் கொஞ்சம் இளகும், பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்கும். இரண்டு கட்டமும் நாய்க்கு நாய் கூடக் குறைய இருக்கும். ரத்தம் நின்றதும் “முடிந்தது” என்று நினைத்து அவிழ்த்துவிடுவதைப் போல நடக்கிற தவறு வேறு இல்லை. உண்மையில் அப்போதுதான் சினை பிடிக்கும் நாட்கள் தொடங்குகின்றன.

அதனால் முதல் ரத்தத்துளியிலிருந்து நான்கு வாரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போவது கயிற்றில் மட்டும், அதுவும் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டு. சொந்தத் தோட்டம், மூடிய கேட் என்றாலும் தனியாக விட வேண்டாம். ஆண் நாய் சுவரேறும், மண் தோண்டும். கம்பிக் கதவின் இடைவெளி வழியாகவே இணைசேர்வதும் உண்டு. நாய்க்கான டயப்பர் தரையைத்தான் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது.

## 6. ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள்

அவசரமாக ஓட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். முதல் சில நாட்களில் போனால் மட்டுமே கிடைக்கும் தகவல் ஒன்று இருக்கிறது.

யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் சாம்பிள் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல்களின் வடிவம் நாய் ஹீட்டின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். சினை பிடிக்கும் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் தட்டையாக, ஓரம் மடிந்த சருகு போல இருக்கும். கட்டம் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் பாதிக் கவலை அங்கேயே போய்விடும். ஒரு நாளுக்குள் போனால் விந்தணுவே கண்ணில் படலாம். ஆனால் தெரியவில்லை என்பதற்காக இணைசேரவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் முட்டை வெளிவந்துவிட்டதா என்பது இன்னும் தெளிவாகும். இது கர்ப்பப் பரிசோதனை அல்ல. ஏன் அல்ல என்பது 10-ஆம் பகுதியில் வருகிறது.

டாக்டரிடம் வேறு நோய்களையும் மருந்துகளையும் மறக்காமல் சொல்லுங்கள்: கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், இதய நோய், ஸ்டீராய்டு, பூஞ்சைத் தொற்று மாத்திரை. பின்னால் வரப்போகும் மருந்துகளில் சிலவற்றை இவை மாற்றிவிடும்.

## 7. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள்

இந்த நாயிடம் எப்போதாவது குட்டி எடுக்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் அடுத்த வழி தானாகத் தெரியும்.

“இல்லை” என்றால் கருத்தடை அறுவை. “நிச்சயமாக எடுக்கப் போகிறேன்” என்றால் மருந்து. “தெரியவில்லை” என்பதை நான் “இல்லை” என்றே எடுத்துக்கொள்வேன். தெரியவில்லை என்றவர்களில் பலர் அடுத்த ஹீட்டிலும் அதே முகத்தோடு வந்து நின்றிருக்கிறார்கள்.

குட்டிகளைப் பெற்று வளர்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் முதல் ஹீட்டிலேயே மாட்டிய சின்ன நாய், வயதான நாய், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆணோடு சேர்ந்த நாய், உடன்பிறந்த ஆணோடு சேர்ந்த நாய் என்றால் டாக்டரிடம் மனம் விட்டுப் பேசிவிட்டு முடிவெடுங்கள். பிறக்கும் குட்டிகள் ஒவ்வொன்றும் யார் வீட்டுக்குப் போகும் என்பதற்கு இன்றே பெயர் சொல்ல முடிகிறதா என்றும் யோசியுங்கள்.

## 8. முதல் வழி: கருத்தடை அறுவை

கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்படுகின்றன. இப்போதைய சினையும் இனி வரக்கூடிய சினையும் ஒரே நாளில் முடிந்துவிடும். பிற்காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் போய்விடும். குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை.

எப்போது செய்வது என்பதில்தான் குழப்பம். ஹீட் நடக்கும்போது கருப்பையின் ரத்தக்குழாய்கள் தடித்திருக்கும், திசு மென்மையாகி எளிதில் கிழியும், ரத்தம் அதிகம் போகும். அனுபவமுள்ளவர் அப்போதும் செய்வார். ஆனால் ஹீட் முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்வதைப் பல டாக்டர்கள் விரும்புகிறார்கள். வீக்கம் அடங்கியிருக்கும், கரு இருந்தாலும் சிறியதாக இருக்கும். சினை முற்றிய பிறகும் செய்ய முடியும் என்றாலும் கருப்பை பெருத்து ரத்த இழப்பு கூடுகிறது. மனதுக்கும் அது கடினம்.

ஆகவே அறுவை என்று முடிவு செய்தால் தேதியை இன்றே வாங்கிவிடுங்கள். “ஹீட் முடியட்டும், பார்க்கலாம்” என்று விட்டவர்கள் ஏழாவது வாரத்தில்தான் திரும்ப வருவார்கள்.

அறுவைக்குப் பிறகு இரண்டு விஷயம். சில நாட்கள் உடலில் ஹீட்டின் வாசனை மிஞ்சியிருக்கும், ஆண்கள் தேடி வரும். தையல் போட்ட நாய் அப்போது இணைசேர்ந்தால் உள்ளே பெரிய சேதம். இரண்டு வாரமாவது தள்ளி வையுங்கள். இன்னொன்று, ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் சில நாய்களுக்குப் பால் சுரக்கும், பொம்மையைக் குட்டி போல நக்கிக் காக்கும். பயப்பட வேண்டாம், பாலைப் பீச்சிப் பார்க்கவும் வேண்டாம். பீச்சப் பீச்ச ஊறும்.

## 9. இரண்டாம் வழி: மருந்து

நாயின் சினை முழுக்கப் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை நம்பித்தான் நிற்கிறது. எல்லா மருந்தும் அந்தத் தூணைத்தான் ஏதோ ஒரு வகையில் அசைக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் டாக்டர் சொல்வது எளிதாகப் புரியும்.

அக்லெப்ரிஸ்டோன் ஊசி. அலிசின் என்ற பெயரில் விற்கப்படுகிறது. புரொஜெஸ்டிரோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடும். ஹார்மோன் இருந்தும் பயனில்லாமல் போகும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. இணைசேர்ந்ததிலிருந்து 45 நாள் வரை போடலாம். மூன்று வாரத்துக்குள் போட்டால் கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும், அதற்குப் பிறகு போட்டால் தோல்வி கொஞ்சம் கூடும்.

இரண்டாவது ஊசியைத் தவறவிடாதீர்கள். முதல் ஊசிக்குப் பிறகு நாய் சாதாரணமாக இருப்பதைப் பார்த்து “போதும்” என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு ஊசி அரை வேலைதான். முதல் ஊசி போடும்போதே மறுநாள் அதே நேரத்துக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.

சீக்கிரம் போட்டால் கரு சத்தமில்லாமல் கரைந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. நான்கு வாரம் தாண்டிப் போட்டால் ஒரு வாரத்துக்குள் கசிவும் சில சமயம் கருவும் வெளியே வரும். துண்டும் பழைய செய்தித்தாளும் தயாராக வைத்து, குழந்தைகள் இல்லாத அறையில் நாயை வையுங்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, இரண்டு நாள் சோர்வு, பசிக் குறைவு இருக்கும். அடுத்த ஹீட் வழக்கத்தைவிட ஒன்று முதல் மூன்று மாதம் முன்னதாக வரலாம், நோட்டில் எழுதி வையுங்கள்.

உடனே போடுவதா, சினை உறுதியான பிறகு போடுவதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. இப்படிப் பதறிக் கொண்டுவரப்படும் நாய்களில் பல சினையே பிடித்திருக்காது. காத்திருந்தால் வீண் மருந்து மிச்சம். ஆனால் காத்திருப்பது தேதியை ஒழுங்காக எண்ணுகிறவருக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் மறதி உங்களுக்குத் தெரியும்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி. அக்லெப்ரிஸ்டோன் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. அங்கே இதுதான் கைகொடுக்கும். புரொஜெஸ்டிரோன் உற்பத்தியாகும் இடத்தையே இது குலைத்து, கருப்பையையும் சுருங்க வைக்கும். பொதுவாகச் சினை உறுதியான பிறகு, பல நாள் தொடர்ந்து, ஒரு நாளில் பலமுறை போட வேண்டியிருக்கும். ஊசி போட்ட சில நிமிடங்களில் வாந்தி, பேதி, எச்சில் வடிதல், மூச்சிரைப்பு வரும், பிறகு அடங்கும். ஆகவே மருத்துவமனையில் வைத்துப் போடுவதே முறை. தட்டை மூக்கு இன நாய்கள், இதயம் அல்லது மூச்சுக் கோளாறு உள்ள நாய்களுக்கு ஒத்துவராது. சில டாக்டர்கள் கேபர்கோலின் என்ற, பால் வற்ற வைக்கும் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து ஊசியைக் குறைப்பார்கள்.

இந்த இரண்டு மருந்தையும் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தொடக் கூடாது, ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உள்ளே போகும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆபத்து. வீட்டிலிருந்து யார் நாயோடு போவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை. நான்கு ஐந்து வாரச் சினையில் ஏறக்குறைய பத்து நாள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறை ஒன்றும் உண்டு. நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீடெல்லாம் நனைக்கும். வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் டாக்டர் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வேண்டவே வேண்டாம் என்பவை. முன்பு ஹீட் நாட்களிலேயே ஈஸ்ட்ரோஜன் ஊசி போடுவார்கள். அது கருப்பையில் சீழ் பிடிக்க வழி செய்யும், எலும்பு மஜ்ஜையை முடக்கி உயிரையே எடுக்கும். யாராவது “ஒரே ஊசி, இப்பவே போட்டு முடிச்சுடலாம்” என்றால் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மனிதர்கள் சாப்பிடும் அவசரக் கருத்தடை மாத்திரை பெரும்பாலும் புரொஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்தது. நாயின் சினையைத் தாங்குவதும் அதே வகை ஹார்மோன்தான், ஆகவே பயன் இல்லை, கருப்பைக்குக் கேடு மட்டும் மிஞ்சும். வீட்டு வைத்தியம், பட்டினி, வயிற்றை அமுக்குவது பற்றி எழுதக்கூட மனமில்லை.

## 10. சினையா இல்லையா: எந்த நாளில் எந்தச் சோதனை

முதலில் இந்த உண்மையை மனதில் நிறுத்துங்கள்: ஹீட் முடிந்த பெட்டையின் உடலில், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் அதே புரொஜெஸ்டிரோன் ஓடும். அதனால்தான் புரொஜெஸ்டிரோன் அளவு சினையைக் காட்டாது. சினை இல்லாத நாய்க்கும் மடி பெருக்கும், பால் வரும், மூலையில் துணியைச் சுரண்டிப் படுக்கை அமைக்கும். இதைப் பொய்ச்சினை என்பார்கள். வயிற்றையும் மடியையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை, அவர்கள் எத்தனை வருடம் நாய் வளர்த்திருந்தாலும், நம்ப வேண்டாம்.

மனிதர்களுக்கான கர்ப்பப் பரிசோதனை அட்டையும் உதவாது. அது தேடும் ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதே இல்லை.

உதவுவது ஸ்கேன். 25 நாளிலிருந்து தெரியத் தொடங்கும். நான் கடைசி இணைசேர்க்கையிலிருந்து 28 முதல் 30 நாளில்தான் கூட்டிப்போகச் சொல்வேன். முட்டை ஐந்தாறு நாள் தாமதமாக வந்திருந்தால் உங்கள் 25-ஆம் நாள் கருவுக்கு 20-ஆம் நாள்தான். அந்த நாளில் “இல்லை” என்றால் அது பதில் ஆகாது, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இதயத் துடிப்பு தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. எத்தனை குட்டி என்று மட்டும் ஸ்கேனிடம் கேட்காதீர்கள், எண்ணிக்கையில் அது அடிக்கடி தவறும்.

ரிலாக்சின் என்ற ஹார்மோனைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் உண்டு, அதுவும் 25 முதல் 30 நாளுக்குப் பிறகுதான். கையால் அமுக்கிப் பார்ப்பது நான்காவது வாரத்தை ஒட்டி அனுபவமுள்ள டாக்டருக்கு மட்டும் சாத்தியம். நீங்கள் முயல வேண்டாம். எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்பு 45 நாளுக்குப் பிறகே தெரியும். குட்டியை எண்ண 55 தாண்டினால் நல்லது. ஆனால் 45 என்பது ஊசிக்கான கெடுவும்கூட. “எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்” என்று காத்திருந்தால் முடிவு உங்கள் கையில் இருக்காது.

மருந்து கொடுத்தவர்களும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஊசி முடிந்து பத்து நாள் கழித்து, அதே சமயம் இணைசேர்ந்து 30 நாளாவது ஆகியிருக்கும்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சில கருக்கள் போய் ஒன்றிரண்டு தங்கிவிடுவது உண்டு. கசிவைப் பார்த்ததும் “வேலை முடிந்தது” என்று இருந்துவிட்டு, ஒன்பதாவது வாரத்தில் ஒற்றைக் குட்டியோடு தவித்த வீட்டை எனக்குத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. பால் கட்டியிருக்கிறது என்று பால் வற்ற மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கேபர்கோலின் அந்த வகைதான். குட்டிகளை வைத்துக்கொள்ள முடிவு செய்திருந்தால், சினை உண்டா என்று தெரியாமல் கொடுக்கும் மாத்திரை அதைக் கலைத்துவிடக்கூடும்.

## 11. அடுத்த இரண்டு மூன்று மாதம் கவனிக்க வேண்டியவை

சினை இல்லை என்று தெரிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள்.

ஹீட் முடிந்த இரண்டு மாதத்துக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய், பயோமெட்ரா, வரக்கூடும். அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், சாப்பாடு வேண்டாம் என்பது, வாந்தி, வயிறு உப்புவது, துர்நாற்றமுள்ள கசிவு. கசிவே இல்லாமலும் வரும், அதுதான் மோசமான வகை. இந்த அறிகுறிகளைப் பார்த்தால் அன்றே போக வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

இணைசேர்வதால் பரவும் இரண்டு நோய்களும் உண்டு. ஒன்று தொற்றும் கட்டி. சில வாரமோ சில மாதமோ கழித்துப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற சதை வளரும், ரத்தம் சொட்டும். “ஹீட் இன்னும் நிற்கவில்லை” என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வின்கிரிஸ்டின் ஊசிக்கு நன்றாகக் கட்டுப்படும். இன்னொன்று புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்று. ரத்தத்தில் தெரியவே சில வாரம் ஆகும் என்பதால் மறுநாளே சோதித்துப் பயனில்லை, எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். அது மனிதர்களுக்கும் தொற்றும். எனவே கருச்சிதைவின் கசிவையோ கருவையோ கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

## 12. அடுத்த ஹீட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை

மருந்து வழியில் போனவர்களும், சினை பிடிக்காமல் தப்பியவர்களும் அறுவைக்குத் தேதி வாங்க வேண்டிய நேரம் இது. சினை இல்லாத நாய்க்கு ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்தால் ரத்தக்குழாய்களும் ஹார்மோனும் அடங்கியிருக்கும், பொய்ச்சினைத் தொல்லையும் குறையும். பெரிய இன நாய்க்குட்டிகளுக்கு எந்த வயதில் செய்வது என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் நாயை நேரில் பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஹீட்டைத் தள்ளிப்போடும் புரொஜெஸ்டிரோன் வகை ஊசிகளை நான் ஆதரிப்பதில்லை. பயோமெட்ரா, சர்க்கரை நோய், மடிக்கட்டி என்று பின்னால் வரும் வட்டி அதிகம்.

வீட்டிலேயே ஆண் நாயும் இருந்தால், “இரண்டும் அண்ணன் தங்கச்சிதானே” என்று இருந்துவிடாதீர்கள். நாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆறு மாத ஆண் குட்டிக்கே சினைப்படுத்தும் திறன் வந்துவிடலாம், தாயையும் விடாது. ஹீட் நாட்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு போதாது, இரண்டு கதவு வேண்டும். ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். முடிந்தால் ஆண் நாயை நான்கு வாரத்துக்கு வேறு வீட்டில் விடுங்கள்.

ஆணுக்கு விதைநீக்கம் செய்தாலும் மறுநாளே கவலை தீராது. குழாய்களில் தங்கிய விந்தணு சில வாரம் இருக்கும், ஆறு வாரம் பிரித்தே வையுங்கள். அதற்குப் பிறகும் அது ஏறும், ஒட்டிக்கொண்டும் நிற்கும், குட்டி மட்டும் வராது. அன்றைக்கும் 2-ஆம் பகுதியில் சொன்னதையேதான் செய்ய வேண்டும்: பட்டையைப் பிடித்துக்கொண்டு, தானாகப் பிரியும்வரை நில்லுங்கள்.